கொடுமுடிக் கோகிலம்

திருச்செங்கோட்டில் பஸ் ஏறி ஈரோட்டில் இறங்கி, அங்கிருந்து கரூர் போகும் வழியில் பயணம் செய்தால் காவிரிக் கரையில் கொடுமுடி வந்துவிடும். நம் மலைக் கோயிலைப் போலவே தேவாரப் பாடல் பெற்ற ஊர் அது. அந்த ஊரில் 1908-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் பாலாம்பாள் என்ற ஏழைத் தாயின் மகளாகப் பிறந்தவர் சுந்தராம்பாள். கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள் என்பதுதான் கே.பி.எஸ். என்று சுருங்கிற்று.

அந்தப் பெயரைச் சொன்னதும் நமக்கு ஔவையாரின் முகம்தான் நினைவுக்கு வருகிறது. நரைத்த தலை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் கோல். பிறக்கும்போதே பாட்டியாகப் பிறந்தவர் போல் எண்ணிக்கொள்கிறோம்! அவரும் நம்மைப் போல் சிறுமியாக இருந்தவர்தான். இளம்பெண்ணாக வள்ளி வேடம் புனைந்து ஆயிரக்கணக்கானோரை மயக்கியவர்தான். ஒருநாள் அத்தனையும் துறந்து வீட்டுக்குள் அடைந்துகொண்டார். பிறகு திரும்பி வந்தார். அப்படித் திரும்பி வந்ததைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறோம்.

சிறு வயதில் அவர் வீட்டில் வறுமை தாண்டவமாடியது. சுந்தராம்பாள் ரயிலில் பாடிச் சில்லறை சேர்த்ததாகவும், அந்தக் குரலைக் கேட்டு வியந்த எஃப்.ஜி. நடேச ஐயர் அவரை நாடக உலகுக்கு அழைத்துச் சென்றதாகவும் சொல்வார்கள். நடேச ஐயர் ரயில்வே அதிகாரி. திருச்சியில் ரசிக ரஞ்சன சபாவை நிறுவியவர். நல்லதங்காள் நாடகத்தில் பசியால் வாடும் மகனாக ஆண்பிள்ளை வேடம் போட்டுச் சுந்தராம்பாள் பாடியபோது கொட்டகையே கண்ணீர் விட்டதாம். பசியைப் பற்றிப் பாட அந்தக் குழந்தைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அக்கால நாடகம் எப்படி நடந்தது என்பது நமக்குத் தெரியாது அல்லவா? இரவு உணவு முடிந்தபின் தொடங்கி விடியும்வரை நடக்கும். ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் மணலில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் அவன் சும்மா இருக்கமாட்டான்! ஸ்பெஷல் நாடகம் என்று ஒன்று உண்டு. வெவ்வேறு ஊர் நடிகர்களைத் தனித்தனியாக அழைத்து ஒரே மேடையில் நிறுத்துவார்கள். ஒத்திகை எல்லாம் பெரிதாக இராது. வள்ளியாக நிற்பவரும் வேலனாக வருபவரும் பாட்டாலேயே வாதாடுவார்கள். ஒருவர் ஒரு ராகத்தை எடுத்தால் மற்றவர் அதற்குமேல் போய்க் காட்ட வேண்டும்.

1926-இல் கொழும்பில் அப்படி ஒரு சந்திப்பு நிகழ்ந்தது. அங்கே ஏற்கெனவே புகழ்பெற்றிருந்த சுந்தராம்பாளுடன் நடிக்கச் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா கப்பலேறி வந்தார். அவர் குரலுக்கு ஈடுகொடுப்பார் எவரும் இல்லை என்ற பேச்சு இருந்த காலம். இந்தப் பெண் அவரிடம் தோற்றுவிடுவாள் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். இருவர் குரலும் ஒன்றையொன்று துரத்தி ஏறின. மறு ஆண்டே இருவரும் மணம் புரிந்துகொண்டார்கள். தமிழ்நாட்டில் அந்த ஜோடிக்கு இருந்த மவுசு கொஞ்சநஞ்சமல்ல.

இல்வாழ்க்கை மேடையைப் போல் இனிக்கவில்லை. கிட்டப்பா முன்பே மணமானவர். சாதியும் வேறு. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. மனக்கசப்பு வளர்ந்து இருவரும் பிரிந்தார்கள். கிட்டப்பா உடல்நலம் கெட்டு 1933 டிசம்பர் 2-ஆம் நாள் மறைந்தபோது அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

அன்று முதல் வெள்ளைச் சேலை. நகை இல்லை, அலங்காரம் இல்லை. இனி எந்த ஆண் நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டார். பாட்டும் நின்றது. கணவனை இழந்த பெண் முற்றத்துக்கு வருவதையே குற்றமாகப் பார்த்த காலம் அது. அதிலும் நாடகக்காரி என்றால் ஊர் வாய் சும்மா இருக்குமா? அவர் அப்படியே வீட்டுக்குள் மறைந்திருந்தாலும் யாரும் வியந்திருக்கமாட்டார்கள். நல்ல பெண் என்று நாலு பேர் புகழ்ந்தும் இருப்பார்கள். நமக்கோ அந்தக் குரல் கிடைத்திராது.

தேசியத் தலைவர் சத்தியமூர்த்தி போன்றவர்கள் நாட்டுக்காகப் பாட வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். காந்தியடிகளே கொடுமுடிக்கு வந்தார் என்றும், தமக்கு உணவிட்ட தங்கத் தட்டையும் சிரித்தபடி கேட்டு வாங்கிக்கொண்டார் என்றும் சொல்வதுண்டு. காங்கிரஸ் மேடைகளில் கதரைப் பற்றியும் விடுதலையைப் பற்றியும் சுந்தராம்பாள் பாடலானார். மேடைக்கு வந்தாலும் வெள்ளைச் சேலையை அவர் மாற்றவில்லை, உறுதியையும் தளர்த்தவில்லை. விதவைக் கோலத்தை மறைக்காமல் அந்தக் கோலத்திலேயே ஆயிரம் பேர் முன் அமர்ந்து பாடினாரே, அந்தத் துணிவு எளியதா?

சினிமாக்காரர்களும் விடவில்லை. நந்தனாராக நடிக்கக் கேட்டு வந்தவர்களைத் தட்டிக்கழிப்பதற்காகவே அவர் ஒரு லட்ச ரூபாய் கேட்டாராம். அவர்களோ சரி என்று விட்டார்கள்! ஒரு பவுன் முப்பது ரூபாய்க்கும் குறைவாக விற்ற காலத்தில் ஒரு லட்சம். ஆண் வேடமாதலால் ஜோடி என்ற பேச்சுக்கே இடமில்லை. மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக நடித்தார். 1935-இல் வந்த அந்தப் படத்தை விமரிசகர்கள் அவ்வளவாகப் பாராட்டவில்லை. 1940-இல் மணிமேகலையாக நடித்தார். பௌத்தத் துறவியின் வேடம் அது.

பிறகு 13 ஆண்டுகள் திரையில் இல்லை. 1953-இல் ஜெமினி வாசன் எடுத்த ஔவையார் படத்தில் மீண்டும் வந்தார். மறுபடி இடைவெளி. 1964-இல் பூம்புகார் படத்தில் கவுந்தியடிகள். மறு ஆண்டில் திருவிளையாடல். பழனி மலையில் கோபித்து நிற்கும் முருகனைச் சமாதானப்படுத்தும் ஔவையாக அவர் பாடியபோது வயது 56-ஐத் தாண்டிவிட்டது. அந்தப் பாட்டில் உச்சத்தில் குரல் எப்படி நிற்கிறது என்று ஒருமுறை கூர்ந்து கேட்டுப் பாருங்கள். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகைகளில் பழகிய குரல் அது என்பது புரியும்.

அவர் கச்சேரியை நேரில் கேட்டவர்கள் யாராவது உண்டா என்று எங்கள் வீடுகளில் விசாரித்தோம். சிறு வயதில் கேட்ட பாட்டிமார் சிலர் கிடைத்தார்கள். ஒருவருக்கு ராகம் எதுவும் நினைவில்லை. கூட்டத்தில் குழந்தைகள்கூட அழவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. வைக்கோல் பரப்பிய வண்டியில் கட்டுச்சோற்றோடு போனதையும், திரும்பும்போது வழியெல்லாம் யாரும் பேசாமல் வந்ததையும் இன்னொருவர் சொன்னார். தம் அம்மா கணவரை இழந்த பிறகு வெளியே போனது அந்த ஒரு கச்சேரிக்குத்தான் என்றார் மற்றொருவர். மேடையில் இருப்பவரும் தன்னைப் போல் வெள்ளைச் சேலை கட்டியிருக்கிறார் என்று அந்த அம்மா ஊர் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாராம். இசை நூல்கள் சொல்லாத செய்தி இது என்று எங்களுக்குத் தோன்றியது.

விருதுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1950-களில் சென்னை மேலவை உறுப்பினரானார். 1969-இல் வந்த துணைவன் படப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. 1970-இல் பத்மஸ்ரீ. ரயிலில் பாடிய சிறுமி சொந்த ஊரில் தம் பெயரிலேயே ஒரு திரையரங்கும் கட்டினார்.

1980 செப்டம்பரில் அவர் காலமானார். கணவர் மறைந்து ஏறக்குறைய 47 ஆண்டுகள். அந்த நாள்வரை ஜோடி வேடம் ஒன்றுகூட அவர் ஏற்கவில்லை. பங்குனி உத்திரத்தையொட்டிப் பழனிக்குக் காவடி கட்டுபவர்கள் கொடுமுடியில் இறங்கிக் காவிரித் தீர்த்தம் எடுப்பார்கள். அப்போது ஒலிபெருக்கிகளில் முருகன் பாட்டு முழங்கும். அவற்றுள் அவர் குரலும் இருக்கும்.