ஊமைத்துரையைக் காத்த தாய்

சிறையின் வலிமை அதன் மதிலில் இருப்பதாக ஆட்சியாளர் எண்ணுவது வழக்கம். ஆனால் தப்பியோடியவனை ஊரார் காட்டிக் கொடுப்பார்களா, காப்பாற்றுவார்களா என்பதில்தான் அவ்வலிமை சோதிக்கப்படுகிறது. இதற்குப் பாஞ்சாலங்குறிச்சி ஊமைத்துரையின் சரித்திரமே தக்க சான்றாகும்.

1799-ம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட கும்பினியார், அவர் தம்பி ஊமைத்துரையைப் பாளையங்கோட்டையில் சிறை வைத்தனர். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையையும் தரைமட்டமாக்கினர். ஓராண்டுக்கு மேல் கழிந்தது. சிறையில் வைசூரி கண்டமையால் கைதிகளின் விலங்குகள் அகற்றப்பட்டன. 1801 பிப்ரவரி 2-ந் தேதி, மேஜர் மெக்காலேயின் தோட்ட மாளிகையில் வெள்ளையர் விருந்துண்ட வேளையில், கைதிகள் காவலரை மடக்கி, ஆயுதங்களைப் பறித்துக்கொண்டு வெளியேறினர். ஒரு வாரத்தில் அங்கு சென்ற கும்பினிப் படை, மண்ணோடு மண்ணாய்க் கிடந்த கோட்டை மீண்டும் எழுந்து நிற்கக் கண்டு திகைத்தது.

வாய் பேசாத அத்தலைவர் சைகையாலேயே படை நடத்தினார். சிறு துரும்புகளை உள்ளங்கையில் பகைவர் படைபோல் பரப்பி, மறு கையால் அவற்றைத் துடைத்தெறிவார். அதுவே போருக்கு ஆணை. மார்ச் 31-ந் தேதி தாக்கிய கும்பினிப் படை பெருஞ்சேதத்துடன் பின்வாங்கியது. கர்னல் அக்னியூ பெரும்படையும் பீரங்கிகளும் கொண்டு வந்த பின்னரே, மே 24-ந் தேதி கோட்டை வீழ்ந்தது.

கோட்டையை விட்டு வெளியேறிய ஊமைத்துரை காயமுற்று வழியில் வீழ்ந்தார். தம்மவரைத் தேடி வந்த பெண்களுள் ஒருத்தி, குற்றுயிராய்க் கிடந்த தன் மகனைக் கண்டாள். தன்னை விட்டுவிட்டு, அருகே கிடக்கும் துரையைக் காப்பாற்றுமாறு அவன் வேண்டினான். அவளும் அவ்வாறே செய்தாள். பின்னர் எட்டயபுரத்துப் படையினர் வீடு தேடி வந்தபொழுது, பெண்கள் அவர்மீது துணியைப் போர்த்தி, வைசூரியில் மாண்ட பிள்ளையென்று ஒப்பாரி வைத்தனர். தேடி வந்தோர் அஞ்சி ஓடினர். முன்னர் விலங்கைக் கழற்றிய நோய், இம்முறை பெயரளவிலேயே அவர் உயிரைக் காத்தது.

அவ்வாறு பிழைத்தவர் சிறுவயல் சென்று மருது சகோதரருடன் சேர்ந்து போரிட்டார். அக்டோபர் 1-ந் தேதி காளையார்கோயில் வீழ்ந்தது. ஊமைத்துரையும் பிடிபட்டு, நவம்பர் 16-ந் தேதி பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார்.

இவ்வரலாற்றை எழுதி வைத்தவர், அவரை எதிர்த்துப் போரிட்ட வெல்ஷ் என்னும் கும்பினி அதிகாரியே. பகைவனும் மறைக்க விரும்பாத பெருமை அது! படைத்தலைவர் பெயர்களெல்லாம் நமக்குத் தெரியும். பெற்ற மகனைப் போர்க்களத்தில் விட்டு வந்த அத்தாயின் பெயரை நாம் அறியோம். ஊமைத்துரையைப் போற்றும் நாவு அவளையும் போற்றுவதே நியாயம்.