இரவல் பாட்டும் சொந்தக் குரலும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

எங்கள் தாய்மாமன் நாகசுரக் கலைஞர். சாமி புறப்பாட்டின்போது முறைப்படி மல்லாரி வாசிப்பார். ஊர்வலம் பாதி வழி போவதற்குள் கூட்டம் சினிமாப் பாட்டுக் கேட்கும். அதையும் வாசிப்பார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். அந்த மிதப்பில், பிறர் மெட்டை வாங்கி வாசிப்பது வித்துவானுக்குக் குறைச்சல் அல்லவா என்று ஒருநாள் அவரைக் கேட்டுவிட்டேன். மாமா ஒன்றும் சொல்லாமல் சீவாளியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். அந்த மௌனம் என்னை வெகுநாள் உறுத்தியது.

சென்ற ஆண்டு விடுதியில் அறை நண்பனின் கைப்பேசியில் தற்செயலாக ஒரு பழைய அமெரிக்க இசைத்தட்டைக் கேட்டேன். மாண்டலின் என்றால் நமக்கு 2014-இல் மறைந்த யு. ஸ்ரீநிவாஸ்தான் நினைவுக்கு வருவார். அதே கருவியை இங்கே ஒருவர் குதிரைப் பாய்ச்சலில் வாசிக்கிறார். உச்சியில் நின்று பாடவும் செய்கிறார். அவர்தான் பில் மன்றோ. ‘புளூகிராஸ்’ என்னும் இசைக்குத் தந்தை என்று அமெரிக்கர் போற்றுபவர். அவர் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, மாமாவிடம் நான் கேட்ட கேள்விக்கு ஒரு வாழ்நாள் நீளத்தில் பதில் கிடைத்தது.

கென்டக்கி மாநிலத்தில் ரோசின் என்ற சிற்றூரை ஒட்டிய பண்ணையில் 1911 செப்டம்பர் 13-ஆம் நாள் மன்றோ பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. மாறுகண், பார்வையும் மங்கல். அண்ணன் பர்ச் பிடிலையும் இன்னோர் அண்ணன் சார்லி கிதாரையும் எடுத்துக்கொள்ள, யாருக்கும் வேண்டாத மாண்டலின் தம்பிக்கு வாய்த்தது. அதிலும் ஒரு நிபந்தனை. மாண்டலினில் எட்டுத் தந்திகள், நான்கு இணைகளாக இருக்கும். இணையின் இரண்டு தந்திகளும் ஒரே சுருதி. சத்தம் அதிகமாகிவிடும் என்று அண்ணன்மார் நான்கு தந்திகளைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். சோதனைச் சாலையில் சோனாமீட்டரின் ஒற்றைத் தந்தியைச் சுண்டும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிறுவனின் நினைவு வரும்.

பத்து வயதில் தாயையும் பதினாறு வயதில் தந்தையையும் இழந்தார். பிறகு தாய்மாமன் பென்டில்டன் வாண்டிவரின் குடிசையில் வாழ்ந்தார். ஆம், அவருக்கும் ஒரு தாய்மாமன்! கால் ஊனமுற்ற அந்த மனிதர் ஊர் நடனங்களுக்குப் பிடில் வாசிப்பவர். அவருக்குப் பின்னால் குதிரையில் அமர்ந்து சென்று கிதார் வாசித்துத்தான் மருமகன் தாளம் கற்றான். அந்த மெட்டுகள் ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாட்டு மூதாதையரின் சீதனம்.

அதே வட்டாரத்தில் ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர் இருந்தார். கூலி வேலை செய்துகொண்டே கிதாரும் பிடிலும் வாசித்தவர். நிறவெறி தலைவிரித்தாடிய அக்காலத்தில் வெள்ளைச் சிறுவனான மன்றோ அவருடன் அமர்ந்து நடனங்களுக்கு வாசித்தான். புளூஸ் இசையின் ஏக்கம் அவனுக்குள் இறங்கியது அவ்வழியே. ஷுல்ட்ஸ் 1931-இல் இறந்துபோனார். அவர் வாசித்ததாக ஓர் இசைத்தட்டுகூட இல்லை. தேவாலயப் பாட்டு வேறு ஒரு பக்கம். இத்தனையும் சேர்ந்ததுதான் பிற்காலத்தில் கலப்பற்ற மலைநாட்டு இசை என்று பேர் வாங்கியது!

வயிற்றுப்பாட்டுக்காக இந்தியானா மாநிலம் சென்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் பீப்பாய் கழுவிய ஆண்டுகளை விரைந்து கடந்துவிடுகிறேன். 1936 முதல் சார்லியும் அவரும் சேர்ந்து 60 பாடல்களை இசைத்தட்டில் பதிந்தார்கள். 1938-இல் சகோதரர்கள் பிரிந்தார்கள். கென்டக்கிக்கு ‘நீலப்புல் மாநிலம்’ என்று செல்லப் பெயர் உண்டு. அதனால் மன்றோ தம் குழுவுக்கு ‘புளூகிராஸ் பாய்ஸ்’ என்று பெயரிட்டார். அந்த இசைக்கும் இதுவே பெயராயிற்று.

1939 அக்டோபரில் நாஷ்வில் நகரின் புகழ்பெற்ற சனிக்கிழமை வானொலி அரங்கமான ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’யில் அவருக்கு இடம் கிடைத்தது. அங்கே தம் சொந்தப் பாட்டையா பாடினார்? இல்லை. 1933-இல் காசநோயால் மறைந்த கன்ட்ரி இசைப் பாடகர் ஜிம்மி ராஜர்ஸ் 1930-இல் பதிந்த ‘மியூல் ஸ்கின்னர் புளூஸ்’ என்னும் கோவேறு கழுதைக்காரன் பாட்டையே பாடினார். ராஜர்ஸ் அதை ஒற்றைக் கிதாரோடு நிதானமாகப் பாடியிருந்தார். மன்றோ சுருதியைத் தூக்கினார், வேகத்தைக் கூட்டினார், பிடிலையும் மாண்டலினையும் துரத்தவிட்டார். பாட்டு இரவல், ஓட்டம் இவருடையது. அந்த ராஜர்சும் இருப்புப்பாதையில் வேலை பார்த்தபோது கறுப்பினத் தொழிலாளரின் புளூஸைக் கேட்டு வளர்ந்தவர்தாம். கடன் கொடுத்தவரும் கடனாளியே!

1945-இல் லெஸ்டர் பிளாட், எர்ல் ஸ்கிரக்ஸ் இருவரும் குழுவில் சேர்ந்தார்கள். ஆப்பிரிக்க அடிமைகளோடு அமெரிக்கா வந்த பாஞ்சோ கருவியை ஸ்கிரக்ஸ் மூன்று விரலால் உருட்டி வாசித்தார். புளூகிராஸ் முழு உருவம் பெற்றது. 1948-இல் இருவரும் விலகித் தனிக்குழு கண்டனர். மன்றோ பல ஆண்டுகள் அவர்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. 1971-இல்தான் பிளாட்டோடு கைகுலுக்கினார்.

இங்கே என் நாயகரின் குறையை மறைக்க விரும்பவில்லை. ஸ்டான்லி சகோதரர்கள், மன்றோ பாடிவந்த ‘மாலி அண்ட் டென்புரூக்ஸ்’ பாட்டை அவருடைய பாணியிலேயே இசைத்தட்டில் பதிந்தார்கள். அவருக்குக் கடுங்கோபம். தம்முடைய இசைத்தட்டு நிறுவனமான கொலம்பியா அவர்களையும் சேர்த்துக்கொண்டதும் அதைவிட்டே போய்விட்டார். அந்தப் பாட்டு 1878-இல் லூயிவில் நகரில் நடந்த குதிரைப் பந்தயத்தைப் பற்றிய பழைய நாட்டுப்பாட்டு, மன்றோ இயற்றியதன்று. தாம் எடுத்தால் மரபு, பிறர் எடுத்தால் திருட்டா? இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. ஆனால் கோபம் நிலைக்கவில்லை. 1951-இல் அந்தச் சகோதரர்களில் மூத்தவரான கார்ட்டர் ஸ்டான்லி மன்றோவின் குழுவிலேயே சிறிது காலம் பாடினார்.

1946-இல் மன்றோ ‘புளூ மூன் ஆஃப் கென்டக்கி’ என்ற தம் சொந்தப் பாட்டை வால்ட்ஸ் நடையில், அதாவது மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ரத்தில் பதிந்தார். 1954 ஜூலையில் மெம்பிஸ் நகரில் எல்விஸ் பிரெஸ்லி என்ற 19 வயது இளைஞர் தம் முதல் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஒரு கறுப்பினக் கலைஞரின் புளூஸையும், மறுபக்கத்தில் இந்தப் பாட்டையும் பாடினார். திஸ்ரம் போய்ச் சதுஸ்ரம் வந்துவிட்டது. பாட்டு துள்ளிக் குதித்தது. முன்பு கோபித்துக்கொண்ட மன்றோ இம்முறை செய்தது வேறு. செப்டம்பரிலேயே தம் பாட்டைத் தாமே மறுபடி பதிந்தார். முதலில் பழைய திஸ்ரம், பாதியில் அந்த இளைஞரின் சதுஸ்ரம்! அக்டோபரில் ஆப்ரி அரங்குக்கு வந்த எல்விஸ், பாட்டை மாற்றியதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டாராம். பெரியவர் அதற்கு முன்பே மாறியிருந்தார்.

1985-இல் யாரோ அவர் வீட்டில் புகுந்து, 1923-இல் செய்யப்பட்ட அவருடைய கிப்சன் மாண்டலினைச் சுக்குநூறாக உடைத்தார்கள். சில்லுகளைப் பொறுக்கி ஒட்டிச் சீர்செய்து கொடுத்தார்கள். அதையே மீண்டும் வாசித்தார். 1996 செப்டம்பர் 9-இல், 85 வயது நிறைய நான்கு நாள் இருக்கையில், காலமானார். உடல் ரோசினில் அடக்கம் செய்யப்பட்டது.

பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போனபோது 1954-ஆம் ஆண்டுப் பதிவை மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். மொழி புரியாது. கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். நடை மாறிய இடத்தில் அவர் கையும் தானாக மாறியது. கண்ணைத் திறந்து, இந்த ஆள் எந்த ஊர் என்று கேட்டார்.