அளவுக்கு ஓர் ஆசான்!
பழைய வண்டி இன்ஜினைப் பிரிக்கும்போது அளவு பார்த்து லேத் வேலை செய்வது வீண் செலவுன்னு சிலர் சொல்றாங்க. ஹென்றி லேலண்ட் வாழ்க்கையைப் படித்ததிலிருந்து நான் அதை ஒத்துக்கிறதில்லை.

1843-ல் அமெரிக்காவில் பிறந்த இவர், துப்பாக்கித் தொழிற்சாலைகளில் துல்லியமான வேலை கற்றார். 1902-ல் காடிலாக் கார் கம்பெனி உருவாகக் காரணமானார். அப்போதெல்லாம் பாகங்களை அரத்தால் ராவித்தான் பொருத்துவார்கள். 1908-ல் இங்கிலாந்தில் 3 காடிலாக் கார்களைக் கழற்றி, பாகங்களைக் கலந்து, ராவாமலே மறுபடி பூட்டினார்கள். மூன்றும் 500 மைல் ஓடின! 1932-ல் லேலண்ட் மறைந்தார்.

பிஸ்டன் லூசானால் புகை தள்ளும். டைட்டானால் இன்ஜின் பிடிச்சுக்கும். அதனால முதல்ல அளந்து பாருங்க. தேய்ந்திருந்தா சரியான அளவுக்குக் கடையச் சொல்லுங்க. அந்தக் காசு வீண் போகாது!