சூரிய அடுப்பின் முன்னோடி யார்? வெயிலைப் பெட்டிக்குள் பிடித்த சொசூரின் கதை

யூடியூபில் ‘சோலார் குக்கர்’ என்று தேடினால் வரிசையாக வீடியோக்கள் வரும். அட்டைப் பெட்டி, கறுப்பு பெயின்ட், அலுமினியத் தாள், மேலே ஒரு கண்ணாடி. அவ்வளவுதான். ஆனா, இந்தப் பெட்டியின் மூல வடிவத்தைச் செய்தவருக்கு சமையல் நோக்கமே இல்லை. வெயிலில் நிறுத்திய கார் ஏன் இப்படிக் கொதிக்குது என்று நாம் யோசிப்பதுபோல, கண்ணாடி ஜன்னல் வைத்த குதிரை வண்டிக்குள் ஏன் புழுங்குது என்று யோசித்தவர் அவர். பெயர் ஒராஸ் பெனடிக்ட் டி சொசூர்.

யார் இந்த சொசூர்?

1740 பிப்ரவரி 17 அன்று ஜெனீவா அருகே வசதியான குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலிருந்தே செடிகள் மேல் ஆர்வம். செடி தேடி மலைக்குப் போனவரை மலையே பிடித்துக்கொண்டது. 20 வயதில் ஷமோனி பள்ளத்தாக்குக்குப் போய் மான் பிளாங்க் சிகரத்தைப் பார்த்தார். உச்சிக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு தருவதாக அறிவித்தார். 22 வயதில் ஜெனீவா அகாடமியில் பேராசிரியர் ஆனார்.

எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார். காற்றின் ஈரப்பதத்தை அளக்க, மனிதத் தலைமுடி ஈரத்தில் நீள்வதை வைத்தே ஒரு கருவி செய்தார். வானத்தின் நீலம் எவ்வளவு அடர்த்தி என்று பார்க்கவும் ஒரு கருவி வைத்திருந்தார்.

பெட்டிக்குள் என்ன நடந்தது?

கண்ணாடிக்குள் வெயில் பட்டால் சூடு ஏறும் என்பது அப்போதே எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு ஏறும் என்பதுதான் தெரியாது. 1767-ல் சொசூர் அதை அளக்க முடிவு செய்தார்.

ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் 5 கண்ணாடிப் பெட்டிகளைச் செய்து, கறுப்பு மேசைமேல் கவிழ்த்து வெயிலில் வைத்தார். சூரியன் நகர நகர அதையும் திருப்பிக்கொண்டே இருந்தார். சில மணி நேரத்தில் உள் பெட்டியில் சுமார் 87 டிகிரி செல்சியஸ். உள்ளே வைத்த பழங்கள் வெந்து சாறு விட்டன. சூரிய அடுப்பின் வரலாறு பெரும்பாலும் இங்கிருந்துதான் சொல்லப்படுகிறது.

அவர் அதோடு நிறுத்தவில்லை. மரப்பெட்டி ஒன்றின் உள்பக்கம் கறுப்பாக்கிய தக்கையைப் பதித்து, மேலே இடைவெளி விட்டு 3 கண்ணாடிகள் வைத்தார். வெப்பநிலை 109 டிகிரியை எட்டியது. தண்ணீர் கொதிக்கும் வெப்பத்தையும் தாண்டிவிட்டது.

இது எப்படி நடக்குது? வெயில் கண்ணாடி வழியே உள்ளே நுழைகிறது. கறுப்புப் பரப்பு அதை உறிஞ்சி சூடாகி, கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களை வெளியிடுகிறது. அந்தக் கதிர்களைக் கண்ணாடி எளிதில் வெளியே விடாது. சூடான காற்றும் தப்பிக்க முடியாது. சுற்றியுள்ள தக்கையோ பஞ்சோ மிச்ச வெப்பத்தையும் பிடித்து வைக்கிறது.

மலை உச்சியில் பெட்டி

அடுத்த சோதனைதான் முக்கியமானது. பெட்டியை ஆல்ப்ஸில் உள்ள கிராமோன் மலைக்குக் கொண்டுபோனார். உச்சியில் காற்று சுமார் 6 டிகிரிதான். பெட்டிக்குள் 88 டிகிரி. மறுநாள் கீழே இறங்கி, காற்று 25 டிகிரி இருந்த சமவெளியில் அளந்தார். பெட்டிக்குள் கிட்டத்தட்ட அதே அளவு!

அப்படியானால் மலையில் வெயில் பலவீனம் இல்லை. அங்குள்ள மெல்லிய காற்றுக்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் சக்தி குறைவு. குளிருக்குக் காரணம் அதுதான் என்று அவர் முடிவுக்கு வந்தார்.

மான் பிளாங்க் ஆசையும் நிறைவேறியது. 1786-ல் பல்மா, பக்கார் இருவரும் முதலில் உச்சியைத் தொட்டார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 3 அன்று, 18 வழிகாட்டிகளுடன் சொசூரும் ஏறினார். மூச்சு வாங்க, தலை சுற்ற, உச்சியில் 4 மணி நேரத்துக்கும் மேல் நின்று அளவெடுத்தார்.

கடைசி வருடங்கள்

பிரெஞ்சுப் புரட்சியால் வந்த குழப்பத்தில் சொத்தில் பெரும்பகுதி போனது. 1794-லிருந்து பக்கவாதம் அடுத்தடுத்து தாக்கியது. ஆல்ப்ஸ் பயணங்கள் பற்றிய பெரிய நூலின் கடைசிப் பகுதியை நோயோடு போராடித்தான் 1796-ல் முடித்தார். 1799 ஜனவரி 22 அன்று, 58 வயதில் காலமானார்.

சின்னது, மலிவானது, செய்வதற்கும் சுலபம் என்பதால் இந்தப் பெட்டியால் ஒருநாள் பயன் வரலாம் என்று எழுதி வைத்தவர், அந்த நாளைப் பார்க்கவில்லை.

அவருக்குப் பிறகு

1824-ல் பிரெஞ்சு அறிவியலாளர் ஃபூரியே, பூமியின் வெப்பத்தை விளக்க சொசூரின் பெட்டியை உதாரணமாக எடுத்தார். பெட்டிக்குக் கண்ணாடி மாதிரி பூமிக்கு வளிமண்டலம். இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை என்றாலும், இன்று நாம் பசுமை இல்ல விளைவு என்று சொல்வதன் தொடக்கப் புள்ளிகளில் அதுவும் ஒன்று.

1830-களில் வானியலாளர் ஜான் ஹெர்ஷெல், தென்னாப்பிரிக்காவில் இதே மாதிரி பெட்டியில் முட்டையும் இறைச்சியும் வேகவைத்தார். 1870-களில் பம்பாய் உயர் நீதிமன்ற அலுவலர் வில்லியம் ஆடம்ஸ், சுற்றிலும் கண்ணாடிகள் பொருத்திய எண்கோண அடுப்பு செய்து சிப்பாய்களுக்கான சாப்பாட்டைச் சமைத்துக் காட்டினார். வெயில் நாடுகளுக்கு வெயிலே எரிபொருள் என்று வாதிட்டு 1878-ல் புத்தகமும் எழுதினார். இன்று ஆரோவில்லின் சமையல் கூடத்துக்கு மேலே 15 மீட்டர் விட்டமுள்ள பெரிய கிண்ணம், வெயிலிலிருந்து நீராவி எடுக்கிறது.

பேச்சிப்பாறையில் வேலை செய்யுமா?

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம், அணைக்கட்டு, சுற்றிலும் காடு. இந்தக் குளுமையான ஊரில் சூரிய அடுப்பு எடுபடுமா என்ற சந்தேகம் வரலாம். கிராமோன் சோதனையிலேயே பதில் இருக்கு. காற்று குளுமையா இருப்பது பிரச்சினை இல்லை. வானம் தெளிவா இருக்கணும், அதுதான் விஷயம்.

பேச்சிப்பாறைக்கு நேர் உச்சியில் சூரியன் ஏப்ரலில் ஒருமுறை, ஆகஸ்ட் கடைசியில் ஒருமுறை வரும். வெயில் வலுவுக்குக் குறைவில்லை. ஆனா தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. மேகம் மூடிய நாளில் எவ்வளவு புழுங்கினாலும் பெட்டி சூடேறாது. அதனால் ஜனவரி முதல் மே வரை காலை 10 மணிக்கே வைத்துவிடுவது நல்லது. கோடையில் மதியத்துக்கு மேல் இடியோடு மழை வரலாம்.

செய்முறை சுலபம். பெரிய அட்டைப் பெட்டிக்குள் சின்னப் பெட்டி. இடைவெளியில் காய்ந்த தென்னை நார் அல்லது கசக்கிய செய்தித்தாள். உள்பக்கம் கறுப்பு. மேலே கண்ணாடி. வெயிலை உள்ளே திருப்ப அலுமினியத் தாள் ஒட்டிய அட்டை. பாத்திரமும் மூடியும் கறுப்பாக இருக்கணும். புதிதாக பெயின்ட் அடித்தால் நன்றாகக் காய்ந்து வாடை போன பிறகே சமைக்கணும்.

சோறு, பருப்பு, ஏத்தம்பழம் எல்லாம் நிதானமாக வேகும். தோசையும் பொரியலும் நடக்காது. எடுக்கும்போது கைப்பிடித் துணி அவசியம். கேஸை முழுசா விடமுடியாது. தெளிவான நாட்களில் ஒரு வேளைச் சமையலுக்கு சிலிண்டரோ காட்டு விறகோ மிச்சம்.

இமயமலையின் பிரம்ம கமலம் சேர்ந்த தாவரப் பேரினத்துக்கு, இவரையும் இவர் மகனையும் நினைவுகூர்ந்து சொசூரியா என்றுதான் பெயர். மொழியியல் படித்தவர்களுக்குத் தெரிந்த ஃபெர்டினாண்ட் டி சொசூர் இவருடைய கொள்ளுப்பேரன். சுவிஸ் 20 பிராங்க் நோட்டிலும் ஒரு காலத்தில் இவர் முகம் இருந்தது. ஆனாலும் இவர் செய்ததில் சாதாரண வீட்டு மாடி வரை வந்து சேர்ந்தது அந்தக் கறுப்புப் பெட்டிதான்.