பெரிய சக்கரத்தில் ஒரு பெரும் பயணம்!

குட்டீஸ்... உங்களில் எத்தனை பேருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும்? ஏறக்குறைய எல்லாருமே கை தூக்குவீர்கள். வழியில் பெடல் உடைந்தால் என்ன செய்வீர்கள்? தள்ளிக்கொண்டே பக்கத்து சைக்கிள் கடைக்குப் போய் விடுவீர்கள். ஆனால், நூறு மைல் சுற்றளவில் ஒரு கடையும் இல்லை, ஒழுங்கான ரோடும் இல்லை என்றால்?

அப்படிப்பட்ட பாதையில், ஒரு கடற்கரையில் புறப்பட்டு மறு கடற்கரை வரை, அமெரிக்கா முழுவதையும் சைக்கிளில் கடந்த முதல் மனிதர், தாமஸ் ஸ்டீவன்ஸ். அவருடைய கதையைத் தான் இந்த வாரம் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள்.

சுரங்கத்தில் பிறந்த ஆசை

இங்கிலாந்தில் உள்ள பெர்காம்ஸ்டெட் என்ற ஊரில், 1854ம் ஆண்டு டிசம்பர் 24ம் தேதி பிறந்தார் ஸ்டீவன்ஸ். பிழைப்பு தேடி, 1871ல் அமெரிக்காவுக்குப் போனார். அப்போது அவருக்கு 16 வயது தான். அங்கே பல ஊர்களில் பல வேலைகளைச் செய்தார். கொலராடோ மாநிலத்தில் ஒரு சுரங்கத்தில் வேலை பார்த்தபோது தான், சைக்கிளிலேயே இந்த நாட்டைக் கடந்தால் என்ன என்ற எண்ணம் அவருக்கு வந்தது.

இதில் ஒரு வேடிக்கை என்ன தெரியுமா? அப்போது அவருக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாது!

சான்பிரான்சிஸ்கோ நகருக்குப் போய், 1884ல் ஒரு சைக்கிளை வாங்கி, ஓட்டக் கற்றுக்கொண்டார். கொஞ்ச நாளிலேயே பயணத்துக்குத் தயாராகி விட்டார்.

இது என்ன சைக்கிள்?

அவர் ஓட்டியது இன்றைய சைக்கிள் போல இருக்காது. முன்சக்கரம் மிகப் பெரியது. பின்சக்கரம் மிகச் சிறியது. பென்னி என்ற பெரிய காசையும், பார்த்திங் என்ற சின்னக் காசையும் அடுத்தடுத்து வைத்தது போல் இருந்ததால், இந்த வகைக்கு, 'பென்னி பார்த்திங்' என்று பெயர் வந்தது.

ஸ்டீவன்ஸின் சைக்கிளை, ஆல்பர்ட் போப் என்பவரின் கம்பெனி தயாரித்தது. கொலம்பியா என்பது அதன் பெயர். அதன் முன்சக்கரம் 50 அங்குலம், அதாவது 127 செ.மீ., உயரம். எட்டு வயதுப் பிள்ளையின் உயரம் இருக்கும்! அந்தச் சக்கரத்துக்கு மேலே தான் உட்கார வேண்டும்.

ஏன் இவ்வளவு பெரிய சக்கரம் என்று கேட்கிறீர்களா? இந்த சைக்கிளில் செயின் கிடையாது. பெடல், முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருக்கும். பெடலை ஒரு சுற்று சுற்றினால், சக்கரமும் ஒரே ஒரு சுற்று தான் சுற்றும். சக்கரம் பெரிதாக இருந்தால் தான் அதிக தூரம் போக முடியும். 127 செ.மீ., விட்டம் உள்ள சக்கரம் ஒருமுறை சுற்றினால், ஏறக்குறைய 4 மீட்டர் போகும். கணக்கு போட்டுப் பாருங்கள், சரியாக வரும்.

வசதி இருந்ததைப் போலவே ஆபத்தும் இருந்தது. முன்சக்கரம் ஒரு கல்லில் மோதினால் போதும். ஓட்டுபவர், 'ஹேண்டில்பார்' மேலாகத் தலைகுப்புற விழுவார். காற்றடைத்த டயரும் அப்போது இல்லை. கெட்டி ரப்பர் டயர் தான். ஒவ்வொரு குலுக்கலும் எலும்பு வரை போகும்.

கடல் முதல் கடல் வரை

பசிபிக் பெருங்கடல் ஓரம் உள்ள சான்பிரான்சிஸ்கோவில் இருந்து, 1884ம் ஆண்டு ஏப்ரல் 22ம் தேதி காலை 8 மணிக்குப் புறப்பட்டார், ஸ்டீவன்ஸ். அவருடைய மூட்டையில் என்ன இருந்தது தெரியுமா? காலுறைகள், மாற்றுச் சட்டை ஒன்று, மழைக்கோட்டு ஒன்று, கைத்துப்பாக்கி ஒன்று... அவ்வளவு தான்! அந்த மழைக்கோட்டே இரவில் அவருக்குக் கூடாரம். அதுவே படுக்கையும் கூட.

அமெரிக்காவின் இரு கரைகளையும் இணைக்கும் ரயில் பாதை, 1869ல் தான் கட்டி முடிக்கப்பட்டிருந்தது. மேற்குப் பகுதியில் நல்ல சாலைகள் கிடையாது. எனவே, ரயில் பாதையை ஒட்டியே போனார். அதற்குக் காரணம் இருந்தது. பாலைவனத்தில் வழி தவறினால், தண்ணீர் கூடக் கிடைக்காது. ரயில் நிலையங்களிலோ தண்ணீரும் சாப்பாடும் கிடைக்கும்.

ஆனால், அந்தப் பாதையே அவருடைய உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது.

சியரா நெவாடா மலையில், தண்டவாளத்தைப் பனி மூடி விடாமல் இருக்க, அதன் மேல் மரத்தால் நீண்ட கொட்டகைகள் கட்டியிருந்தனர். வெளியே பனி குவிந்து கிடந்ததால், இருட்டான அந்தக் கொட்டகைகளுக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். ரயில் வந்தால், சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வார். புகை மூச்சை அடைக்கும்.

மற்றொரு முறை, ரயில் பாலம் ஒன்றின் நடுவே போய்க்கொண்டிருந்தபோது, எதிரே ரயில் வந்து விட்டது. திரும்பி ஓட நேரமில்லை; ஒதுங்கி நிற்க இடமும் இல்லை. கீழே பள்ளம். சட்டென்று பாலத்தின் ஓரக்கட்டைக்கு நகர்ந்து, ஒரு கையால் சைக்கிளை வெளியே தொங்க விட்டபடி பிடித்துக்கொண்டார். ரயில் கடகடவென்று பக்கத்திலேயே கடந்து போனது. சைக்கிளையும் விடவில்லை, தைரியத்தையும் விடவில்லை!

நெவாடா பாலைவன மணலில் சக்கரம் புதைந்தது. ஓரிடத்தில் மலைச்சிங்கம் எதிர்ப்பட்டது. மற்றோரிடத்தில் கிலுகிலுப்பைப் பாம்பு சீறிப் பாய்ந்தது. காலில் கட்டியிருந்த கனத்த துணி உறை தான் அவரைக் காப்பாற்றியது.

நாடு முழுவதும் ஓட்டிக்கொண்டே போனார் என்று நினைக்காதீர்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூரத்தை, சைக்கிளைத் தள்ளியும், தூக்கியும், நடந்தே தான் கடந்தார். அதை அவர் மறைக்கவும் இல்லை. தன் புத்தகத்தில் வெளிப்படையாக எழுதி விட்டார்.

அட்லாண்டிக் பெருங்கடல் ஓரம் உள்ள பாஸ்டன் நகரை, ஆகஸ்ட் 4ம் தேதி அடைந்தார். சுமார் 3,700 மைல், அதாவது, 5,950 கி.மீ., தூரம்! மழையாலும் ஓய்வாலும் நின்ற நாட்களைக் கழித்தால், பயணம் செய்தது எண்பத்து மூன்றரை நாட்கள்.

இப்போதும் ஒரு கரையில் இருந்து மறு கரைக்கு சைக்கிளில் போகிறவர்கள் உண்டு. ஸ்டீவன்ஸ் பிறந்த இங்கிலாந்திலேயே, மேற்குக் கரையில் இருந்து கிழக்குக் கரைக்குப் போக, 225 கி.மீ., நீள சைக்கிள் பாதை ஒன்று, 1994ல் திறக்கப்பட்டது. விடுமுறையில் குடும்பத்தோடு அதில் போகின்றனர். பணம் கட்டினால் மூட்டை முடிச்சு எல்லாம் வேனில் முன்னே போய் விடும். இரவு தங்க அறை காத்திருக்கும். சைக்கிள் பழுதானால் ஆள் வருவார். ஸ்டீவன்சுக்கு வேனும் அவரே, மெக்கானிக்கும் அவரே!

உலகத்தைச் சுற்றினார்

அமெரிக்காவைக் கடந்ததோடு ஸ்டீவன்ஸ் நிற்கவில்லை. ஆல்பர்ட் போப்புக்குச் சொந்தமான, 'அவுட்டிங்' என்ற பத்திரிகை, அவரைத் தன் செய்தியாளராக நியமித்தது. இனி செலவுக்குக் கவலை இல்லை. 1885 ஏப்ரலில் கப்பல் ஏறினார். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், மே 4ம் தேதி மீண்டும் பெடலை மிதித்தார்.

பிரான்ஸ், ஜெர்மனி, ஆஸ்திரியா, ஹங்கேரி, துருக்கி என்று போய், ஈரானின் டெஹ்ரான் நகரில் குளிர்காலத்தைக் கழித்தார். அந்நாட்டு மன்னரான ஷாவே, இந்த விசித்திர வண்டியைப் பார்க்க ஆசைப்பட்டார். குதிரையில் வந்த மன்னரோடு, சைக்கிளில் போனார் ஸ்டீவன்ஸ்.

அடுத்து தான் பெரிய ஏமாற்றம். ரஷ்யாவின் சைபீரியா வழியாகப் போக அனுமதி கிடைக்கவில்லை. ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தவரை, அங்குள்ள அதிகாரிகள் பிடித்துத் திருப்பி அனுப்பி விட்டனர். வேறு ஒருவராக இருந்தால், ஊருக்கே திரும்பியிருப்பார். இவரோ, வந்த வழியே மேற்கே போய், கப்பலிலும் ரயிலிலும் பல ஆயிரம் மைல் சுற்றி, கராச்சி வந்து சேர்ந்தார்.

ஆமாம், நம் நாட்டுக்கும் வந்திருக்கிறார்! 1886ல், லாகூரில் இருந்து டில்லி, ஆக்ரா, காசி வழியாக கோல்கட்டா வரை, கிராண்ட் டிரங்க் சாலையில் சைக்கிள் ஓட்டினார். கொளுத்தும் வெயிலும், பருவமழையும் அவரைப் படாதபாடு படுத்தின. ஆனால், சாலை அருமையாக இருந்தது.

பின், சீனா. அங்கே ஓர் ஊரில் கூட்டம் கல்லெறிந்து விரட்டியது. அதே ஊரின் அதிகாரிகள் தான், அவரைக் காப்பாற்றிப் படகில் அனுப்பி வைத்தனர். கடைசியாக, ஜப்பான். யோகஹாமா நகரை, 1886 டிசம்பர் 17ம் தேதி அடைந்தபோது, உலகைச் சைக்கிளில் சுற்றிய முதல் மனிதர் ஆனார். சைக்கிளில் கடந்த தூரம் மட்டும், சுமார் 13,500 மைல்!

சைக்கிள் என்ன ஆனது?

தன் அனுபவங்களை இரண்டு பெரிய புத்தகங்களாக எழுதினார் ஸ்டீவன்ஸ். பின், இங்கிலாந்து திரும்பி, லண்டனில் ஒரு நாடக அரங்கின் மேலாளராக இருந்தார். 1935ம் ஆண்டு ஜனவரியில், 80வது வயதில் காலமானார்.

அந்த கொலம்பியா சைக்கிளை, போப் கம்பெனி பத்திரமாக வைத்திருந்தது. ஆனால், இரண்டாம் உலகப் போரின்போது, ஆயுதம் செய்ய இரும்பு தேவைப்பட்டதால், பழைய இரும்போடு இரும்பாக அதையும் கொடுத்து விட்டனர். மலை, பாலைவனம் எல்லாம் தாண்டி வந்த சைக்கிள், போரைத் தாண்டவில்லை.

குட்டீஸ்... ஸ்டீவன்ஸிடம் பணம் இல்லை. நல்ல ரோடு இல்லை. ஆரம்பத்தில் சைக்கிள் ஓட்டவும் தெரியவில்லை. ஓட்ட முடிந்த இடத்தில் ஓட்டினார். முடியாத இடத்தில் இறங்கித் தள்ளினார். கணக்கோ, பாட்டோ, விளையாட்டோ... உங்களுக்குக் கடினமான ஒன்று வரும்போது, நீங்களும் இறங்கித் தள்ளிப் பாருங்கள். மறு கரை வந்து விடும்!