மலைக்கு நடுவே விமானம்!

சைரன் அலறியபடி ஆம்புலன்ஸ் நெருங்கும்போது ஒலி கீச்சென்று இருக்கும். நம்மைக் கடந்ததும் சட்டென்று கம்மிவிடும். கவனித்திருக்கிறீர்களா, குட்டீஸ்? இதன் காரணத்தைக் கண்டு சொன்னவர் கிறிஸ்டியன் டாப்ளர்.

இன்றைய ஆஸ்திரியாவில் உள்ள சால்ஸ்பர்க் நகரில், 1803ல் கல்தச்சர் குடும்பத்தில் பிறந்தார். நோஞ்சான் உடம்பு, உளி பிடிக்க முடியாது என்று படிக்க அனுப்பினர். படித்தும் நல்ல வேலை கிடைக்கவில்லை. பஞ்சாலையில் கணக்கு எழுதினார். வெறுத்துப்போய், அமெரிக்காவில் குடியேற முடிவு செய்து, பொருட்களையும் விற்றுவிட்டார். அந்த நேரம் பார்த்து, 1835ல் பிராக் நகரிலிருந்து ஆசிரியர் வேலைக்கு அழைப்பு வந்தது!

அங்கேதான் 1842ல் தன் கொள்கையை வெளியிட்டார். அலையை எழுப்பும் பொருள் நெருங்கி வந்தால் அலைகள் நெருக்கமாக வந்து சேரும். விலகினால் இடைவெளி கூடும். நட்சத்திரங்களின் நிறத்துக்கும் இதுவே காரணம் என்று அவர் சொன்னது மட்டும் தவறு.

1845ல் ஹாலந்து விஞ்ஞானி பாய்ஸ் பாலட் இதைச் சோதித்தார். எக்காளம் ஊதுபவர்களை ரயிலில் ஏற்றி ஓடவிட்டு, தண்டவாளத்தின் ஓரம் இசைக்கலைஞர்களை நிறுத்திக் கேட்கச் சொன்னார். சுருதி மாறியது! நல்ல வேடிக்கையாக இருந்திருக்கும், இல்லையா?

1853ல், 49 வயதில், நுரையீரல் நோயால் வெனிஸ் நகரில் டாப்ளர் இறந்தார். ரேடார் வந்தது அதற்குச் சுமார் 80 ஆண்டுகள் கழித்து.

ரேடார் அனுப்பும் ரேடியோ அலை மலை, கட்டடம் எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பும். திரையே நிறைந்துவிடும், அதற்குள் விமானத்தைத் தேடுவது எப்படி? அசையாத மலையில் பட்ட அலை, போன அதிர்வெண்ணிலேயே திரும்பும். நெருங்கி வரும் விமானத்தில் பட்ட அலை சற்றே மாறி வரும். மாறாதவற்றைக் கழித்துவிட்டால் விமானம் பளிச்சென்று தெரியும். காற்றில் ஆடும் மரக்கிளைகள்தான் கொஞ்சம் ஏமாற்றப் பார்க்கும்!