காற்றுக்குக் காத்திருந்த மாலுமி

கடலிற் செல்வோர்க்குத் துணிவு இன்றியமையாதது. ஆயினும், துணிவு மட்டும் போதாது, பொறுமையும் வேண்டும். புயலோடு போராடத் தெரிந்தவன், அது தணியும்வரை காத்திருக்கவும் தெரிந்திருத்தல் வேண்டும். இவ்வுண்மையைத் தம் வாழ்வால் விளக்கியவர் ஜோஷுவா ஸ்லோகம். துணை ஒருவருமின்றிப் பாய்க்கலத்தில் உலகை வலம்வந்த முதல் மனிதர் அவரே.

ஸ்லோகம் 1844ஆம் ஆண்டு, இன்று கனடாவைச் சேர்ந்துள்ள நோவா ஸ்கோஷியாவில் பிறந்தார். இளமையிலேயே கடலை நாடிச் சென்ற அவர், படிப்படியாக உயர்ந்து பெரிய பாய்க்கப்பல்களின் தலைவரானார். ஆனால், நீராவிக் கப்பல்கள் பெருகவே பாய்க்கப்பல்களின் காலம் மங்கியது. 1892இல் நண்பர் ஒருவர், வயலில் கிடந்த பழைய மரக்கலம் ஒன்றை அவருக்குக் கொடுத்தார். ஸ்லோகம் மனம் தளரவில்லை. மரம் வெட்டி, பலகை அறுத்து, பதின்மூன்று மாதங்கள் உழைத்து அதனைத் தம் கையாலேயே புதுப்பித்தார். ‘ஸ்பிரே’ என்னும் அக்கலம் ஏறத்தாழ 37 அடி நீளமுடையது. 1895ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், தம் ஐம்பத்தொன்றாம் வயதில், பாஸ்டன் துறைமுகத்திலிருந்து அவர் தனியே புறப்பட்டார்.

1896 பிப்ரவரியில் தென்னமெரிக்காவின் தென்கோடியிலுள்ள மகல்லன் நீரிணையை அடைந்தார். இருமருங்கும் பனி படர்ந்த மலைகள். அவற்றின் அடியில் கூரிய பாறைகள். மலையுச்சியிலிருந்து திடீரெனக் கீழ்நோக்கிப் பாயும் சூறைக்காற்று, நங்கூரமிட்ட கலத்தையும் புரட்டவல்லது. அவர் கலத்திலோ இயந்திரம் இல்லை. காற்றே அதன் உயிர்.

மார்ச் 3ஆம் நாள் நல்ல காற்று வாய்த்தது. ஸ்பிரே நீரிணையைக் கடந்து பசிபிக் பெருங்கடலில் நுழைந்தது. மறுநாளே வடமேற்கிலிருந்து கடும்புயல் எழுந்தது. பாய் கிழிந்து கந்தலாயிற்று. ஸ்லோகம் சுக்கானைக் கட்டிவைத்து, நீண்ட வடங்கள் இரண்டினைப் பின்புறம் நீரில் விட்டு, அலைகளின் வேகத்தைத் தணித்தார். நான்கு நாட்கள் புயல் கலத்தைத் தென்கிழக்கே விரட்டிச் சென்றது.

பின்னர், ஓர் இரவு, நாற்புறமும் பேரிரைச்சல் கேட்டது. எங்கு நோக்கினும் பாறைகளில் மோதிய அலைகள் வெண்ணுரையாய்ச் சிதறின. வானத்துப் பால்வீதி கடலில் இறங்கினாற்போல் தோன்றியமையால், அவ்விடத்துக்கு அப்பெயரே வழங்கிற்று. ஆலங்கட்டி முகத்தைக் கிழித்துக் குருதி வழிந்தது. ஒரு கணம் தவறினும் கலம் தூளாகும், காப்பாற்ற எவருமில்லை. விடியும்வரை அவர் கலத்தை அங்குமிங்கும் திருப்பிக்கொண்டேயிருந்தார். பொழுது புலர்ந்ததும் வழி தென்பட்டது. காக்பர்ன் கால்வாய் வழியே மீண்டும் நீரிணையை நோக்கிச் சென்றார்.

அக்காலத்தில் அங்கு வெள்ளைக் குடியேறிகளுக்கும் பழங்குடியினர்க்குமிடையே பகை மூண்டிருந்தது. எனவே, ஸ்லோகம் உறங்குமுன் நண்பர் ஒருவர் தந்த சிற்றாணிகளை மேல்தளத்தில் பரப்பிவைத்தார். நள்ளிரவில் கலத்தில் ஏறியவர்கள் ஆணி தைக்கவே அலறிக்கொண்டு ஓடினர்.

கடந்த வழியையே மறுபடியும் கடக்க வேண்டியதாயிற்று. அதற்காக அவர் வருந்திச் சோர்ந்தாரல்லர். ஊசியும் நூலும் எடுத்துக் கிழிந்த பாயைத் தைத்தார். போர்ட் அங்கோஸ்டோ என்னும் சிறு துறையில் தங்கி, கயிறுகளைச் செப்பனிட்டு, கலத்தின் பின்புறம் சிறிய பாய்மரம் ஒன்றையும் நாட்டினார். அங்கிருந்து ஆறுமுறை புறப்பட்டார்; ஆறுமுறையும் திரும்பி வந்தார். திரும்புவதை அவர் தோல்வியாகக் கருதவில்லை. ஏப்ரல் 13ஆம் நாள் ஏழாம் முறையாகப் புறப்பட்டார். இம்முறை கடல் வழிவிட்டது.

1898ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள், ஏறத்தாழ 46,000 மைல் பயணத்தை முடித்து, அமெரிக்காவின் நியூபோர்ட் துறைமுகத்தை அடைந்தார். 1900இல் வெளிவந்த அவருடைய பயண நூல் உலகெங்கும் புகழ்பெற்றது. முதுமையிலும் கடலை மறவாத அவர், மீண்டும் ஸ்பிரேயில் தனியே புறப்பட்டார், திரும்பி வரவேயில்லை.

ஏழாம் முறை வென்ற மாலுமியை உலகம் அறியும். ஆறுமுறை அமைதியாகத் திரும்பிவந்து காத்திருந்த அவருடைய நெஞ்சுரமே அவ்வெற்றிக்கு வித்து.